நடை வரை

என்ன டாக்டர் நீங்கள் என்று யாராவது கேட்டால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. கண் டாக்டர் என்றால் கண்ணைக் காட்டுகிறார்கள். பல் டாக்டர் என்றால் வாயைத் திறக்கிறார்கள். குடும்பத்துக்கு டாக்டர் என்று சொன்னால் மட்டும், "அப்ப சாதா டாக்டர்தானே" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். படிக்காதவர்கள் கேட்டால் போகட்டும் என்று விட்டுவிடலாம். மருத்துவக் கல்லூரியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்களும் இதையேதான் கேட்டார்கள்.

அறுபத்தாறாம் வருஷம் நான் சென்னையில் ஒரு மருத்துவக் கல்லூரியில் விரிவுரையாளர். பெயருக்குத்தான் சென்னை, வேலை முழுக்கச் செஞ்சியில். கல்லூரி அங்கே ஒரு பயிற்சி நிலையம் வைத்திருந்தது. பயிற்சி டாக்டர்கள் கும்பல் கும்பலாக வந்து தங்கிவிட்டுப் போவார்கள். ஆளுக்கு ஒரு குடும்பத்தை ஒப்படைப்பேன். அந்த வீட்டில் யாருக்குக் காய்ச்சல், யார் கர்ப்பம், யார் குடிக்கிறார், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, இருப்பதை யார் முதலில் சாப்பிடுகிறார், யார் கடைசியில் வழித்துச் சாப்பிடுகிறார் எல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். படுக்கையில் கிடக்கும் உடம்பைப் பார்ப்பது பாதி வைத்தியம், மீதி அந்த உடம்பு எந்த வீட்டிலிருந்து எழுந்து வந்தது என்று பார்ப்பது என்று சொல்லித் தருவேன். பசங்களுக்கு முதல் வாரம் கொட்டாவியாக வரும். போகப்போகப் பிடித்துக்கொள்வார்கள்.

அந்த வருஷம் செஞ்சி நிலையத்துக்குத் தலைமையாக ரீடர் பதவி ஒன்றைக் கல்லூரி உண்டாக்கியது. பேராசிரியருக்கு அடுத்த படி. நிலையத்தைக் கட்டி எழுப்பியவள் நான், பாடத்தை வகுத்தவள் நான். அது எனக்குத்தான் என்று நினைத்தேன். நினைத்ததில் என்ன தப்பு?

தப்பு இருந்தது. நான் செஞ்சிக்குப் பக்கத்தில் வல்லத்துச் சேரியில் பிறந்தவள். என் அம்மா நாகம்மாள் சுற்றுவட்டாரத்து நிலங்களில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கி என்னை ஆளாக்கியவள். மற்றவர்களின் வீட்டுக்குள் போய்ப் பார் என்று பாடம் நடத்துகிற நான், செஞ்சியில் பாதி வீடுகளுக்குள் போக முடியாது. சில வீடுகளில் வாசலோடு சரி. சில வீடுகளில் நடை வரை விடுவார்கள்.

நடை வரை விட்ட வீடுகளில் ஒன்று ராஜமதி அம்மாளுடையது. பழைய ஜைனக் குடும்பம், ஊரில் நயினார் வீடு என்பார்கள். மகன் ஸ்ரீபால் மணிலாக் கொட்டை மண்டி வைத்திருந்தார். மருமகள் ஜெயந்தி. ராஜமதி அம்மாளுக்கு ஐம்பது வயதுக்கு மேல், சர்க்கரை வியாதி. சென்னையில் எங்கள் கல்லூரியின் பெரிய புரொபசர் பார்த்து, காலையில் ஒரு மாத்திரை, ராத்திரி ஒரு மாத்திரை, எக்காரணம் கொண்டும் விடக்கூடாது என்று எழுதிக் கொடுத்திருந்தார். அந்த மாத்திரையை எங்கள் நிலையத்திலிருந்து நான் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

தெருக்கதவுக்கும் கூடத்துக்கும் நடுவில் இருக்கிற நீள நடையில் எனக்கென்று ஒரு பெஞ்சு போட்டிருந்தார்கள். ராஜமதி அம்மாள் அங்கே வந்து உட்காருவார். நாடி பிடிப்பேன், ரத்த அழுத்தம் பார்ப்பேன். நான் போன பிறகு அவர் குளிப்பார் என்பதும் எனக்குத் தெரியும். அதே தெருவில் திரும்பி வரும்போது வாசலில் அவரை ஈரத்தலையோடு எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். முகத்தில் ஒரு கெடுதலும் இருக்காது. அன்பாகத்தான் பேசுவார். "நாகம்மா பொண்ணு டாக்டருக்குப் படிச்சிருக்குது பாரு" என்று மருமகளிடம் பெருமையாகச் சொல்வார். அந்தப் பெருமையும் நடையைத் தாண்டாது.

உள்ளே போய்ப் பார்க்க என் பயிற்சி டாக்டர் தனசேகரனை அனுப்பினேன். அவன் போகலாம். போனான், காபி குடித்தான், வந்தான்.

"என்ன பார்த்தே?" என்று கேட்டேன்.

"எல்லாம் நீட்டா இருக்குது மேடம். தண்ணியக்கூட துணி கட்டி வடிகட்டித்தான் வச்சிருக்காங்க. சமையக்கட்டுல ரெண்டு அடுப்பு. பெரியம்மாவுக்குத் தனி அடுப்பாம், அவங்களே சமைச்சுக்குவாங்களாம். அதுகூட பளபளன்னு இருந்துச்சு."

"எத்தனை வேளை சாப்பிடறாங்க?"

"நல்லா சாப்பிடறேன்னு அவங்களே சொன்னாங்க மேடம்."

பளபளவென்று இருந்த அடுப்பு சுடுகிறதா என்று அவன் தொட்டுப் பார்க்கவில்லை. அப்போது எனக்கும் கேட்கத் தோன்றவில்லை, ஏனென்றால் அந்த அடுப்பை நான் பார்த்ததே இல்லை.

சில மாதத்தில் ராஜமதி அம்மாளுக்கு வலிப்பு வர ஆரம்பித்தது. சாயங்காலம் நன்றாக இருப்பார், விளக்கு வைக்கிற நேரத்தில் வேர்த்துக் கொட்டும், சம்பந்தமில்லாமல் பேசுவார், கை கால் வெட்டி விழுவார். முதல் தடவை யாரோ வாயில் சர்பத்தை ஊற்றியதில் தெளிந்தார். இரண்டாவது தடவை ஸ்ரீபால் காரில் போட்டுச் சென்னைக்கே கொண்டுபோய்விட்டார். எனக்கு மறுநாள்தான் தெரியும். சர்க்கரை இறங்கியிருக்குமோ என்று எனக்குச் சந்தேகம். திரும்பி வந்ததும் போய்க் கேட்டேன், அம்மா சாப்பாடு ஒழுங்காக எடுத்துக்கொள்கிறார்களா என்று.

"எங்க வீட்டுல சாப்பாட்டுக்கு இன்னா கொற?" என்றார் ஸ்ரீபால். அவருக்குக் கோபமே வந்துவிட்டது. நடையில் நின்று கேட்டால் நடையில் சொல்கிற பதில்தான் கிடைக்கும்.

பெரிய புரொபசர் வார்டில் சேர்த்துக்கொண்டார். அங்கேயும் ஒரு சாயங்காலம் வலிப்பு வந்தது. உடனே குளுக்கோஸ் பாட்டில் மாட்டினார்கள், தெளிந்தார். பாட்டில் பாதி இறங்கிய பிறகு ரத்தம் எடுத்துப் பார்த்தால் சர்க்கரை சரியாக இருந்ததாம். இருக்காதா பின்னே? ஆக, சர்க்கரை காரணமில்லை, மூளையில் கட்டி இருக்கலாம் என்று புரொபசர் முடிவு செய்தார். மண்டையில் துளை போட்டு, உள்ளே காற்றைச் செலுத்திப் படம் எடுக்க வேண்டும் என்று நாள் குறித்தார். அதுவரை வீட்டில் இருக்கட்டும், மாத்திரையை விட வேண்டாம் என்று அனுப்பிவைத்தார்.

அந்த நாளுக்கு முந்தின வாரம் நான் மாத்திரை கொடுக்கப் போனேன். மதிய வெயில். தனசேகரனும் கூட வந்தான். ராஜமதி அம்மாள் நடைக்கு வந்து பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தார். முகம் வாடிக் கிடந்தது. மண்டையில் ஓட்டை போடுவார்களாமே என்று ஒரு தடவை கேட்டார், பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. நான் மாத்திரைப் பொட்டலத்தை நீட்டினேன். கூடத்து வாசற்படியில் நின்ற ஜெயந்தி தயங்கினாள்.

"அத்த, இன்னிக்கு அஷ்டமி. நோன்பு இருக்கறீங்க. அவங்க கையால எதையும் வாங்க வேணாமே."

என் முகத்துக்கு நேராகத்தான் சொன்னாள். தனசேகரன் தரையைப் பார்த்தான். எனக்கு நீட்டிய கையை மடக்கிக்கொள்ளலாமா, பொட்டலத்தை விட்டெறிந்துவிட்டுப் போகலாமா என்று இருந்தது. இத்தனை படித்து, இத்தனை பேருக்குப் பிரசவம் பார்த்து, இந்த நடையில் இதைக் கேட்க வேண்டியிருக்கிறது.

ராஜமதி அம்மாள் மருமகளைக் கடிந்துகொண்டார். எனக்காகத்தான் பேசினார், பாவம்.

"மருந்துக்கு ஏதுடி தீட்டு? மருந்து சாப்பாட்டுல சேராது. நோன்பு அன்னிக்கே அத வாயில போட்டுக்கறேன், கையால வாங்கறதுல இன்னா வந்துடப்போவுது?"

அவமானத்தில் காது சூடாகியிருந்தது எனக்கு. அதோடேயே அந்தச் சொற்கள் உள்ளே போய் உறைத்தன.

"நோன்பு அன்னைக்கு மாத்திரை போட்டுக்கறீங்களா அம்மா?"

"வுடவே கூடாதுன்னு பெரிய டாக்டரு சொன்னாரே."

"அன்னைக்குச் சாப்பாடு?"

"நோன்புன்னா ஏது சாப்பாடு? சுடுதண்ணி மட்டும். அதுவும் பொழுது போறதுக்கு முன்னாடி."

"ராத்திரி மாத்திரை?"

"பொழுது சாஞ்சா நாங்க தண்ணியும் தொட மாட்டோமே டாக்டரம்மா. அதனால அதையும் சேத்துச் சாயங்காலமே முழுங்கிடுவேன். ஒரு வேளகூட வுட்டதில்ல."

சொல்லும்போது அவர் முகத்தில் பெருமை இருந்தது. டாக்டருக்குக் கொடுத்த வாக்கும் தப்பவில்லை, நோன்பும் தப்பவில்லை. எட்டு நாளைக்கு ஒரு தடவை, வெறும் வயிற்றில் சர்க்கரையை அடித்து இறக்கும் மாத்திரையை ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டிருந்தார். அஷ்டமியிலும் சதுர்த்தசியிலும்.

"நீங்க விழுந்த நாளெல்லாம் நோன்பு நாளா?"

ஜெயந்திதான் பதில் சொன்னாள், குரல் இறங்கிப்போய். "ஆமாங்க. எங்க வீட்டுக்காரருக்குத் தெரியாது. சர்க்கரய வச்சுக்கிட்டு நோன்பு இருக்காதேன்னு திட்டுவாருன்னு அத்த சொல்லவேணாம்னுட்டாங்க. ஆஸ்பத்திரியிலயும் அன்னிக்குச் சாப்பாட்டப் பக்கத்துப் படுக்கைக்குக் குடுத்துட்டாங்க."

இன்றைக்கும் காலை மாத்திரை உள்ளே போயாகிவிட்டது. உடனே ஏதாவது சாப்பிடுங்கள் என்றேன். மாட்டேன் என்றார். நோன்பை முறிப்பதைவிட மண்டையில் ஓட்டை போட்டுக்கொள்வதே மேல் என்றார். நான் வாதாடவில்லை. என் பையில் குளுக்கோஸ் பொடி இருந்தது. ஸ்ரீபாலை மண்டியிலிருந்து கூட்டிவர தனசேகரனை அனுப்பிவிட்டு, பெஞ்சை விட்டு எழாமல் உட்கார்ந்தேன். போகச் சொல்லிப் பார்த்தார்கள். போகவில்லை.

வெயில் ராஜகிரிக் கோட்டை மலைப் பக்கம் சாயும்போது அவர் கழுத்தில் வேர்வை முத்துமுத்தாகக் கிளம்பியது. கை நடுங்கியது. ஸ்ரீபால் பதறிக் காரை எடுக்கச் சொன்னார்.

"கார் வேணாம்" என்றேன். "அம்மா, மருந்து சாப்பாட்டுல சேராதுன்னு நீங்கதானே சொன்னீங்க. இது மருந்து. டாக்டர் நான் சொல்றேன், குடிங்க."

ஜெயந்தி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து பிடித்துக்கொண்டாள். சொம்பு என் கையில் பட்டுவிடக் கூடாதே என்று அந்த நேரத்திலும் எட்டியே பிடித்தாள். நான் மேலிருந்து பொடியைக் கொட்டினேன். ராஜமதி அம்மாள் குடித்தார். கொஞ்ச நேரத்தில் வேர்வை நின்றது, நடுக்கம் நின்றது, மகனைப் பார்த்து, "இன்னாத்துக்குடா மண்டிய வுட்டுட்டு வந்த?" என்று கேட்டார். ஸ்ரீபால் சுவரில் சாய்ந்துகொண்டு அழுதுவிட்டார்.

நோன்பு நாளில் மாத்திரை கிடையாது, மற்ற நாளில் சாயங்காலச் சாப்பாட்டோடு ஒரே வேளை, அதுவும் பாதி மாத்திரை. இவ்வளவுதான் வைத்தியம். அதற்குப் பிறகு அவர் விழவில்லை. மண்டையும் பிழைத்தது.

சென்னைக்குப் போய் பெரிய புரொபசரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இன்ட்ரஸ்டிங்" என்றார். அடுத்த மாதம் கல்லூரிக் கூட்டத்தில் அதே கதையை அவரே மேடையேறிச் சொன்னார். நோயாளியின் மத வழக்கங்களை விரிவாக விசாரித்ததில் உண்மை புலப்பட்டதாம். விசாரித்தது யார் என்று சொல்லவில்லை. அரங்கம் கைதட்டியது. நான் பின்வரிசையில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். முடிந்ததும் எழுந்து, "அந்த அம்மாவின் வீடு எந்தத் தெருவில் இருக்கிறது சார்?" என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. அதற்கும் சிலர் சிரித்தார்கள், நான் ஏதோ வம்புக்குக் கேட்டதுபோல.

ரீடர் பதவிக்கான நேர்காணல் அதற்குப் பிறகு வந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர்: கல்லூரி முதல்வர், சுகாதாரத் துறையிலிருந்து ஓர் அதிகாரி, அந்தப் புரொபசர்.

"உங்க சப்ஜெக்ட் என்ன?" என்று கேட்டார் புரொபசர்.

"குடும்பம்."

"அது ஒரு சப்ஜெக்டா? இருதயம், நுரையீரல், குழந்தை, இப்படி ஏதாவது ஒண்ணு இருக்கணுமே."

"அதெல்லாம் சேர்ந்து ஒரே வீட்டுல படுத்திருக்குது சார். யாராவது ஒருத்தர் அந்த வீட்டைப் பார்க்கணும்."

முதல்வருக்குப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். புரொபசர் முன்னால் சாய்ந்தார். குரலில் தேன் வழிந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க அமிர்தவல்லி. நடைமுறையைத்தான் சொல்றேன். வீடு வீடாப் போறதுதான் இந்த வேலைன்னு நீங்களே சொல்றீங்க. உங்களை எல்லா வீட்டுக்குள்ளயும் விடறாங்களா? எல்லாரும் உள்ளே சேர்த்துக்கற ஒருத்தர் இந்த வேலைக்கு இருந்தா மாணவர்களுக்கு நல்லது, இல்லையா?"

சொன்னதன் பொருள் இதுதான். கதவைச் சாத்துகிறவன் குற்றவாளி இல்லை, சாத்திய கதவுக்கு வெளியே நிற்கிறவள் தகுதியில்லாதவள். இதைச் சட்டம் படித்தவன் சொல்லியிருந்தால் கோர்ட்டுக்கு இழுத்திருப்பேன். ஒரு டாக்டர் சொன்னார். மற்ற இரண்டு பேரும் காகிதத்தைப் புரட்டினார்கள். நேரில் வந்து நிலையத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று முதல்வர் ஒத்திவைத்தார்.

வந்தார்கள். திண்டிவனம் வழியாகக் காரில் வந்து, நிலையத்தைப் பார்த்து, இளநீர் குடித்து, கோட்டையைக் கை நீட்டிக் காட்டி ரசித்துவிட்டு, ஏதாவது ஒரு குடும்பத்தைப் பார்க்க வேண்டும் என்றார்கள். புரொபசரே நயினார் வீட்டைச் சொன்னார். அவர் மேடையேறிப் பேசிய வீடல்லவா. வழியை மட்டும் நான் காட்ட வேண்டியிருந்தது.

ஸ்ரீபால் வாசலுக்கே வந்து கும்பிட்டார். ராஜமதி அம்மாள், "வாங்க, உள்ள வாங்க" என்று மூன்று பேரையும் கூடத்துக்கு அழைத்துப்போய்ப் பாய் விரித்தார். தனசேகரனும் மற்றப் பயிற்சி டாக்டர்களும் பின்னாலேயே போனார்கள். நான் நடையில் என் பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றேன். எப்போதும் நிற்கிற இடம்தானே.

கூடத்திலிருந்து புரொபசர் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு மற்ற இருவரிடமும் இங்கிலீஷில் சொன்னார், நேர்காணலில் தான் சொன்ன சிக்கல் இதுதான், இப்போது கண்ணாலேயே பார்க்கிறீர்கள் என்று. எனக்குக் கேட்கட்டும் என்றே சொன்னார்.

ராஜமதி அம்மாளுக்கு இங்கிலீஷ் தெரியாது. "டாக்டரம்மாவப் பத்தி இன்னா சொல்றாரு?" என்று கேட்டார். தனசேகரன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

நான் நடையிலிருந்தே உரக்கச் சொன்னேன். "இந்த வீட்டுக்குள்ள என்னை விடமாட்டீங்களாம். அதனால எனக்குப் பதவி கொடுக்க முடியாதாம்."

ராஜமதி அம்மாளின் முகம் சிவந்தது. என் பக்கம் பேசினார். அதை நான் மறுக்க மாட்டேன்.

"இது இன்னா பேச்சு? அந்தம்மா இந்த நடையில உக்காந்துகினே கண்டுபுடிச்சாங்க. ஆஸ்பத்திரில நீங்க இத்தினி பேரு என்னைச் சுத்தி நின்னீங்களே, இன்னாத்தக் கண்டுபுடிச்சீங்க? மண்டயத் தொளைக்கத்தான் தெரிஞ்சுது."

சுகாதார அதிகாரி சிரித்தேவிட்டார். முதல்வர் தலையாட்டினார். புரொபசர் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் உத்தரத்தைப் பார்த்தார். நியாயமாக நான் குளிர்ந்துபோயிருக்க வேண்டும். எனக்கோ அந்தப் புகழ்ச்சி சுட்டது. நடையில் உட்கார்ந்துகொண்டே கண்டுபிடித்தாளாம். அதனால் நடையே அவளுக்குப் போதும் என்று அர்த்தம். நாளைக்கு முதல்வரும் இதையே சொல்வார், எத்தனை கெட்டிக்காரி பாருங்கள், வெளியே நின்றே வேலையை முடித்துவிடுகிறாள் என்று.

"இல்லம்மா" என்றேன். "நான் நடையில உக்காந்து கண்டுபிடிக்கல. உங்க மருமக என் கையால வாங்காதீங்கன்னு சொன்னாங்க. அதுக்கு நீங்க பதில் சொல்லப்போக, வாய் தவறி விஷயம் வெளிய வந்துச்சு. அன்னைக்கு அந்த அவமானம் எனக்கு நடக்காம இருந்திருந்தா, மறு வாரம் உங்க மண்டையில ஓட்டை."

தனசேகரனைக் கை காட்டினேன்.

"உங்களுக்குத் தனி அடுப்புன்னு இவன் வந்து சொன்னான். பளபளன்னு இருந்துச்சுன்னான். அது எரியலன்னு அவனுக்குத் தோணல. நான் உள்ள வந்திருந்தா, ஏம்மா உங்க அடுப்பு ஆறிக் கிடக்குதுன்னு அன்னைக்கே கேட்டிருப்பேன். நீங்க முதல் தடவை விழறதுக்கு முன்னாடியே இது முடிஞ்சிருக்கும். என்னை வெளிய வச்சதுக்கு நான் மட்டும் கஷ்டப்படலம்மா. நீங்களும் சாகப் பார்த்தீங்க."

அந்தப் பதவி எனக்குக் கிடைக்கவில்லை. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், கடைசியில் கிடைத்திருக்கும் என்று யாரும் காத்திருக்க வேண்டாம். முதல்வர் நல்ல மனிதர், நல்ல மனிதராகவே கையெழுத்துப் போட்டு இன்னொருவருக்குக் கொடுத்தார். அந்த ரீடர் நிலையத்து அறையை விட்டு வெயிலில் இறங்கியதே இல்லை. வீட்டுக்குப் போகிற பாடம் முழுக்க என் தலையில்தான் விழுந்தது, ஓய்வு பெறும்வரை நான் விரிவுரையாளராகவே அதை நடத்தினேன். இதையெல்லாம் அன்றைக்கு அந்த நடையில் நின்றபோதே ஓரளவு ஊகித்துவிட்டேன். புரொபசர் கைக்கடிகாரத்தைப் பார்த்த விதத்திலேயே தெரிந்தது. அதனால்தான் எனக்குத் துணிச்சல் வந்ததோ என்னவோ. இனி அவர்கள் முன்னால் நல்ல பெயர் எடுத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

செருப்பைக் கழற்றினேன். நடையைக் கடந்து கூடத்தில் கால் வைத்தேன். பயிற்சி டாக்டர்களைப் பார்த்து, "வாங்க, பாடம் அடுப்பங்கரையில" என்றேன்.

ஜெயந்தி அடுப்பங்கரை வாசலில் நின்றிருந்தாள். நகரவில்லை. மாமியாரைப் பார்த்தாள். ஸ்ரீபாலும் அம்மாவைத்தான் பார்த்தார். ராஜமதி அம்மாள், "வழி வுடு ஜெயந்தி" என்றார். பிறகு மகனுக்கும் மருமகளுக்கும் சமாதானம் சொல்வதுபோல், "மருந்து குடுக்கற கைதானே. மருந்துக்கு ஏது தீட்டு" என்றார்.

உள்ளே போனேன். தனசேகரன் சொன்னபடியே இரண்டு அடுப்பு. ஒன்றில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. மற்றதைத் தொட்டேன், ஜில்லென்று இருந்தது. அன்றைக்குச் சதுர்த்தசி. ஒவ்வொருவரையும் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். தனசேகரன் தொட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. மூலையில், வாயில் வெள்ளைத் துணி கட்டிய தண்ணீர்க் குடம் இருந்தது. நான் அந்தப் பக்கம் திரும்பியதும் ராஜமதி அம்மாள் குனிந்து குடத்தைச் சுவரோரமாகக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். யோசித்துச் செய்யவில்லை, கை தானாகச் செய்தது. ஆனால் நான் பார்த்துவிட்டேன்.

"அம்மா" என்றேன். "நான் மருந்து கொடுக்க வரல. இன்னைக்கு என் கையில மருந்தே இல்ல. வெயில்ல நடந்து வந்தேன், தாகமா இருக்குது. அந்தக் குடத்துலேருந்து குடிக்கத் தண்ணி கொடுங்க."

ராஜமதி அம்மாள் என்னைப் பார்த்தார், குடத்தைப் பார்த்தார். துணியின் முடிச்சில் கை வைத்தார். அது இறுகிக் கிடந்தது போலிருக்கிறது, விரல்கள் வழுக்கின. ஜெயந்தி அவிழ்க்க வந்தாள். அவளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுத் தானே அவிழ்த்தார். சொம்பில் மொண்டு எடுத்தார். மேலிருந்து ஊற்றப்போகிறார், உள்ளங்கையைக் குவிக்கச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். சேரிக்காரி தண்ணீர் கேட்டால் இந்த ஊரில் அப்படித்தான் ஊற்றுவார்கள். நான் கையைக் குவிக்கவில்லை. வலது கையை நீட்டிக்கொண்டு நின்றேன்.

சொம்பு என் கைக்கு வந்தது. பயிற்சிப் பிள்ளைகள் எல்லாரும் பார்க்க, அதை வாயில் வைத்துக் குடித்தேன்.